‘லோகா’ படமும் நம்ம இசக்கியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பிறந்தது நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். கோயில் திருவிழாவான கொடைக் காலம் வந்துவிட்டால் வில்லுப்பாட்டு எங்கே நடந்தாலும் போய் உட்கார்ந்துவிடுவேன். இது தெரிந்தவர்கள் எல்லோரும் ‘லோகா’ படம் வந்த நாளிலிருந்து என்னைப் பிடித்துவைத்துக் கேள்வி கேட்கிறார்கள். மாணவிகள், சித்தி பிள்ளைகள், பால் வாங்கும் இடத்தில் பார்க்கிறவர்கள் என்று யார் கேட்டாலும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: படத்தில் வருகிற நீலி, நம்ம தெற்குப் பக்கத்து நாட்டார் தெய்வம் இசக்கிதானா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. படத்தின் கதையைத் தொடாமல் பேச முடியாது, பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

அது என்ன படம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மலையாளப் படம். முழுப் பெயர் ‘லோகா அத்தியாயம் 1: சந்திரா’. இயக்கியவர் டொமினிக் அருண். 2025 ஆகஸ்ட் 28 அன்று வெளியானது. சந்திராவாக நடித்திருப்பவர் கல்யாணி பிரியதர்ஷன். பெங்களூருவில் ஒரு வீட்டுக்குக் குடிவருகிறாள், ராத்திரியில் மட்டும் நடமாடுகிறாள். எதிர்வீட்டுப் பையன் சன்னி (நஸ்லன்) அவளைப் பார்த்து மயங்குகிறான். உடல் உறுப்புகளைத் திருடி விற்கும் கும்பல் ஒன்று இருக்கிறது, பெண்களை மதிக்கவே தெரியாத ஒரு போலீஸ் அதிகாரி இருக்கிறார். அந்த அதிகாரியாக வருபவர் நமக்கு டான்ஸ் மாஸ்டராகத் தெரிந்த சாண்டி. கொஞ்ச நேரம் போனதும் சந்திரா யார் என்று தெரிகிறது. பல நூறு வருஷமாகச் சாகாமல் வாழ்ந்துவரும் கள்ளியங்காட்டு நீலி.

நீலி மலையாளத்து யட்சியா, நம்ம ஊர் இசக்கியா?

அம்மாவைக் கூட்டிக்கொண்டுதான் படத்துக்குப் போனேன். அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல். முதல் பாதி முழுக்க முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குளிருது குளிருது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கள்ளியங்காடு என்ற பேர் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் முழங்கையைப் பிடித்து, “ஏட்டி, இவ நம்ம இசக்கில்லா? இவள எதுக்கு அந்த ஊருல கொண்டு போயி விட்டுருக்கானுவ?” என்று கேட்டாள். முன்வரிசையில் இருந்த இரண்டு பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்னைக் கேட்டால், படத்தைப் பற்றி அன்றைக்குக் கேட்கப்பட்ட கேள்விகளில் அதுதான் சரியான கேள்வி.

கள்ளியங்காடு என்ற ஊர் நாகர்கோவில் பக்கத்தில் இன்றும் இருக்கிறது. அந்தப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருக்கொச்சி என்று மலையாள நாட்டோடு இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டுக்கு வந்தன, செங்கோட்டை நம்ம திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. கோடு மாறியதே தவிர கதை இரண்டு பக்கமும் ஏற்கெனவே நடமாடிக்கொண்டிருந்தது. மலையாளத்தில் அவள் யட்சி. தமிழில் ‘இயக்கி’ என்பார்கள், அதுதான் நம்ம வாயில் ‘இசக்கி’ ஆனது.

சொல் ஒன்று, ஆனால் அவளுக்குக் கிடைத்த இடம் வேறு. கேரளத்துக் கதைகளில் யட்சி என்றால் வெள்ளைப் புடவையில் வந்து சுண்ணாம்பு கேட்பவள், ஆம்பிளையை மயக்கி ரத்தம் குடிப்பவள். கடமற்றத்துக் கத்தனார் என்ற மந்திரவாதிப் பாதிரியார் வந்து அவளை அடக்கினார் என்று கதை முடியும். நம்ம பக்கம் அவளை யாரும் அடக்கிக் கதையை முடிக்கவில்லை. பீடம் போட்டு, மஞ்சணை பூசி, பொங்கலிட்டு, பிள்ளைக்கு அவள் பேரை வைத்துக் கூடவே வைத்துக்கொண்டோம். இசக்கிமுத்து, இசக்கியம்மாள், இசக்கிராஜா, இசக்கிப்பாண்டி என்று வகுப்புக்கு ஒரு பிள்ளையாவது இருக்கும்.

முப்பந்தல் வழியாக நாகர்கோவில் போயிருப்பீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும், கீழே ரோட்டோரத்தில் இசக்கியம்மன் கோயில். லாரிக்காரர்கள் வண்டியை ஓரம்கட்டி இறங்கிக் கும்பிட்டு, திருநீறு பூசிக்கொண்டுதான் கிளம்புவார்கள். அவர்களுக்கு அவள் பயமுறுத்தும் யட்சி கிடையாது, வழித்துணை.

கொடையில் பாடுகிற நீலி கதை என்ன? படத்தில் வருவது அதுதானா?

அது இல்லை. கொடையில் பாடும் கதை, வில்லுப்பாட்டை நடத்திப் பாடுகிற அண்ணாவிக்கு அண்ணாவி கொஞ்சம் மாறும், எலும்பு மட்டும் மாறாது. அதைச் சொல்கிறேன்.

ஒரு தாசிப் பெண். அவளிடம் வந்துபோய்க்கொண்டிருந்த பிராமணன் ஒருவன் கைப்பொருளை எல்லாம் அங்கேயே தொலைக்கிறான். காசு தீர்ந்ததும் தாசியின் தாய் அவனை விரட்டிவிடுகிறாள். பெண்ணுக்கோ அவன்மேல் பிரியம், நகையோடு பின்னாலேயே ஓடுகிறாள். கள்ளிக்காட்டில் அவன் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போகிறாள். அவன் மணலைக் குவித்து அவள் தலைக்கு அண்டை கொடுத்துவிட்டு, மெதுவாக எழுந்து, கல்லை எடுத்துத் தலையில் போட்டு நகையை அவிழ்க்கிறான். சாகும்போது பக்கத்தில் சாட்சிக்கு ஆள் யாருமில்லை. “கள்ளியே, நீதான் சாட்சி” என்று சொல்லிவிட்டுச் சாகிறாள். தேடிவந்த அவள் அண்ணனும் அங்கேயே உயிரை விடுகிறான்.

அடுத்த பிறவியில் அந்த அண்ணனும் தங்கையும் சோழராஜாவுக்கு நீலன், நீலி என்று பிறக்கிறார்கள். பகலில் தொட்டில் பிள்ளை, ராத்திரியில் எழுந்துபோய் ஆடுமாடுகளைத் தின்கிற பேய். ராஜா காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறான். கொன்றவன் ஒரு செட்டியாகப் பிறந்து வியாபாரத்துக்கு வருகிறான். நீலி அவனுக்குப் பெண்டாட்டி மாதிரி வேஷம் போட்டு வழிமறிக்கிறாள். அவன் ஓடிப்போய் ஊர்ப்பெரியவர்களிடம் அடைக்கலம் கேட்கிறான். நீலி ஒரு கள்ளிக்கொம்பை ஒடித்து இடுப்பில் வைக்கிறாள், கொம்பு பிள்ளையாகி அழுகிறது. அந்தப் பிள்ளை போய்ச் செட்டியை “அப்பா” என்கிறது. எழுபது வேளாளர்கள் ஏமாறுகிறார்கள். “உனக்கு ஒன்று ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம்” என்று வாக்குக் கொடுத்து, அவன் கையிலிருந்த மந்திரவாளை வாங்கிவைத்துவிட்டு, இரண்டு பேரையும் ஒரே அறையில் விடுகிறார்கள். விடிந்து பார்த்தால் அவன் குடல் கிழிந்து கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

இதை நான் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க் கொடையில் ஒரு சாமத்தில் கேட்டேன். கள்ளிக்கொம்பு பிள்ளையாகும் இடம் வந்ததும் அண்ணாவி வில்லில் அடிப்பதை நிறுத்திவிட்டார். குடம் அடிக்கிறவர் மட்டும் பத்தி என்ற மட்டையால் மெள்ள ஒரு தட்டு தட்டினார். அண்ணாவி குரலைச் சுருக்கி, பிறந்த பிள்ளை மாதிரி ‘ங்ஆ’ என்று ஒரே ஒரு அழுகை அழுதார். எனக்கு முன்னால் இருந்த பெண்கள் முதலில் சிரித்தார்கள். அடுத்த அழுகைக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மடியில் பிள்ளை வைத்திருந்த ஒருத்தி, தூங்கிக்கொண்டிருந்த தன் பிள்ளையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். அண்ணாவி அதைப் பார்த்துவிட்டுத்தான் வில்லை அடிக்கும் வீசுகோலைத் திரும்ப ஓங்கினார்.

படத்தில் இதெல்லாம் இல்லை. படத்து நீலி காட்டில் வாழும் மக்களின் பெண்பிள்ளை. கோயிலுக்குள் வந்துவிட்டார்கள் என்று அரசனின் ஆட்கள் அந்தக் குடியையே அழிக்க வருகிறார்கள். குகைக்குள் நடந்த ஒரு சம்பவத்தில் பிள்ளைக்கு வல்லமை வந்துவிட, தன் சனத்தைக் கொன்றவர்களை அவள் பழிவாங்குகிறாள். கத்தனார் வருகிறார், ஆனால் அடக்குவதற்காக வரவில்லை, அந்தப் பலத்தை நல்லதுக்குத் திருப்பச் சொல்லிக்கொடுக்கிறார்.

சாமி கதையை இஷ்டத்துக்கு மாற்றலாமா?

கோபமாகக் கேட்கிறவர்கள் உண்டு, அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீலியின் கதை ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக மாறிக்கொண்டே வந்த கதை. திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் வஞ்சம் தீர்த்த ஒருத்தியைக் குறிப்பிடுகிறார். அது இதே எழுபது வேளாளர் கதையின் பழையனூர் நீலியைத்தான் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். சைவர்களுக்கு அந்தக் கதையில் பெரியவர்கள் சொல் தவறாத எழுபது வேளாளர்கள்.

சமணர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான ‘நீலகேசி’யின் நாயகி இதே நீலிதான். முனிச்சந்திரர் என்ற சமண முனிவரைப் பயமுறுத்தச் சுடுகாட்டுக்குப் போன பேய், அவர் அசையாததைப் பார்த்து அவரிடமே அறம் கேட்டு, பேய்க்குணத்தை விட்டு, ஊர் ஊராகப் போய்ப் பிற சமயத்தாரோடு வாதம் செய்து ஜெயிக்கிறாள். பேயைத் தர்க்கம் பேசும் அறிஞி ஆக்கிய துணிச்சல் தமிழில் அன்றைக்கே இருந்திருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் சினிமாக்காரர்கள் செய்தது சின்ன மாற்றம்தான்.

ஆகவே என் கேள்வி மாற்றலாமா என்பது இல்லை. மாற்றும்போது எதைக் கைவிடுகிறோம் என்பதுதான். நீலி கதையில் கைவிடவே கூடாத ஒன்று உண்டு. அவளுக்கு நடந்த அநியாயம். அதைக் குறைத்துவிட்டால் மிச்சம் இருப்பது பறந்து பறந்து அடிக்கிற ஒரு பெண், அவ்வளவுதான். படம் அநியாயத்தை விடவில்லை. ஆளை மாற்றியது, ஊரை மாற்றியது, ஆனால் ‘இவளுக்கு ஏன் இத்தனை பலம்?’ என்று கேட்டால், ‘இவளுக்கு இன்னது செய்தார்கள்’ என்று பதில் சொல்கிறது. அந்த இடத்தில் அது நம்ம கொடையின் பக்கம் நிற்கிறது. ஆனால் ஃப்ளாஷ்பேக் சீக்கிரம் முடிந்துவிடுகிறதே என்ற வருத்தம் எனக்கு உண்டு. வில்லில் அந்தக் கொலையை மட்டும் ஒரு சாமம் பாடுவார்கள்.

சாமியை சூப்பர் ஹீரோ ஆக்குவது அவமரியாதை இல்லையா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம்ம நாட்டார் தெய்வங்கள் மேலே இருந்து இறங்கி வந்தவர்கள் குறைவு. ஊருக்குள் நடமாடி, அநியாயமாகச் செத்து, பிறகு தெய்வமானவர்கள்தான் அதிகம். கோமரத்தாடி மேல் சாமி வந்ததும் நாம் முதலில் கேட்பது, “யார் வந்திருக்கிய?” என்றுதானே? பேரைச் சொல்லி, குறையைச் சொல்லி, நமக்குக் குறி சொல்கிற சாமி அது. மனுஷ உடம்பில் வந்து பேசுவது அதற்குப் புதுசு இல்லை.

பேரைக் கடன் வாங்கிவிட்டு, அந்தப் பேரைக் கும்பிடுகிற சனங்களைக் கேவலமாகக் காட்டினால் அது அவமரியாதை. சாமியாடுவதைக் கோமாளித்தனமாகவும், பலி கொடுப்பதைக் காட்டுமிராண்டித்தனமாகவும், திருநீறு பூசுகிறவரை வில்லனின் அடியாளாகவும் எத்தனை படத்தில் பார்த்திருக்கிறோம். இந்தப் படத்தில் அது இல்லை.

படத்தில் எது நம்முடையது, எது வெளியிலிருந்து வந்தது?

வெயில் பட்டால் ஆகாது, ரத்தம் குடித்தால்தான் பலம், கடி வாங்கி வந்த வல்லமை. இவை ஐரோப்பியப் பேய்க்கதைகளிலிருந்து வந்தவை. நம்ம ஊரில் ஆத்தா என்ன சொல்லி வளர்த்தாள் என்று நினைத்துப் பாருங்கள். “உச்சி வேளையில இசக்கி கோயில் பக்கம் போவாத.” நம்ம பேய்க்கும் தெய்வத்துக்கும் ராத்திரி எப்படியோ, நடுப்பகலும் அப்படித்தான். கொடையிலேயே உச்சிக்கொடை என்று பன்னிரண்டு மணி வெயிலில் ஒரு பூசை உண்டு. தார் ரோடு உருகும் சித்திரை மத்தியானத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத பனங்காட்டில், நிழலே விழாத நேரத்தில் வருகிறவள் நம்ம இசக்கி. வெயிலுக்குப் பயந்து ஜன்னல் திரையை இழுத்துவிடும் சந்திராவைப் பார்த்ததும், இது வேறு ஊர்க்காரி என்று எனக்குச் சட்டென்று பட்டது. உச்சி வெயிலில் ஒரு பேயை இதுவரை எந்த இயக்குநரும் எனக்குச் சரியாகக் காட்டவில்லை. இந்தக் கரிசலிலும் செம்மணல் தேரியிலும் கேமராவை வைத்தால் அது முடியும்.

நம்முடையது என்று நான் நினைப்பது, தாய்மையும் கொடூரமும் ஒரே உருவத்தில் இருப்பது. இசக்கி சிலையைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கையில் பிள்ளை, வாயில் ஒரு பிள்ளை, சில இடங்களில் காலடியில் ஓர் ஆள். பிள்ளையைத் தின்கிறவளிடமே போய்ப் பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறோம். வெளியாட்களுக்கு இது முரணாகத் தெரியும். கும்பிடுகிறவர்களுக்கு இதில் குழப்பமே கிடையாது. பிள்ளையை எடுக்கத் தெரிந்தவளுக்குத்தான் காக்கவும் தெரியும். சந்திராவிடம் அந்தத் தாயைக் காணோம். நல்லவளாக இருக்கிறாள், தைரியமாக இருக்கிறாள், தனியாக இருக்கிறாள். நம்ம இசக்கி தனியாக இருக்கவே மாட்டாள், அவளைச் சுற்றி எப்போதும் பெண்களும் பிள்ளைகளும்தான்.

அரசன், காட்டு மக்கள் என்று வருகிறதே, படம் சாதியைப் பேசுகிறதா?

பேசுகிறது, ஆனால் பேர் சொல்லாமல் பேசுகிறது. கோயிலுக்குள் யார் வரலாம் என்பதில்தான் அந்தச் சனங்களின் சாவு தொடங்குகிறது. அது என்ன என்று நமக்குத் தெரியாதா?

இந்த இடத்தில் முத்துப்பட்டன் கதையைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியவில்லை. பாபநாசம் மலையில், காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயன் சன்னதி இருக்கிறது. முத்துப்பட்டன் பிராமணப் பிள்ளை. செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் விரும்பினான். “குடுமியையும் பூணூலையும் அறுத்துப்போட்டுச் செருப்புத் தைத்து விற்றுவா, பெண் தருகிறேன்” என்றார் வாலப்பகடை. அப்படியே செய்தான். கல்யாணமான கையோடு மாமனாரின் மாட்டுக்கிடையைக் கள்ளர்களிடமிருந்து மீட்கப் போய்க் குத்துப்பட்டுச் செத்தான். பெண்கள் இருவரும் தீயில் இறங்கினார்கள்.

அந்தச் சன்னதியில் நேர்த்திக்கடன் என்ன தெரியுமா? செருப்பு. புதுத் தோல் செருப்பு, சாதாரண அளவைவிடப் பெரிசாகத் தைத்து, கொண்டுவந்து தொங்கவிடுகிறார்கள். நாள் போகப்போக அடிப்பாகம் தேய்ந்திருக்கும், ராத்திரி பட்டன் போட்டுக்கொண்டு காவலுக்கு நடப்பான் என்று சொல்வார்கள். ஒரு ஆடி அமாவாசைக்குப் போனபோது அந்தச் செருப்புகளை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன். தோல் வாசமும் எண்ணெய் வாசமும் கலந்து வந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வரவேண்டிய கோயிலுக்குள், செருப்பையே காணிக்கையாக வாங்கும் சாமி. நம்ம ஊருக்கு ஒரு சூப்பர் ஹீரோவும் அவனுக்கு ஓர் அடையாளச் சின்னமும் வேண்டுமென்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

ஆனால் அந்தக் கதைக்கும் ஒரு கறை பட்டது. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று பிற்காலத்தில் சேர்த்துப் பாடினார்கள். நாங்குநேரியில் பிறந்த ஆராய்ச்சியாளர் நா. வானமாமலை கதைப்பாடலைப் பதிப்பித்தபோது இந்த ஒட்டுவேலையைச் சுட்டிக்காட்டினார். ஒரு வரி மாற்றினால் போதும், அவன் செய்த தியாகமே இல்லாமல் போய்விடும். சூப்பர் ஹீரோ படங்களில் நான் பயப்படுவது இதற்குத்தான். வேட்டி, பொட்டு, உடுக்கை எல்லாம் வந்துவிடும், பார்ப்பவர்களுக்குக் கூச்சம் தருகிற அந்த ஒரு வரி மட்டும் நைசாகக் காணாமல் போகும்.

பெண் சூப்பர் ஹீரோ வந்ததால் நம்ம பிள்ளைகளுக்கு என்ன ஆகப்போகிறது?

ஒரு மாணவியைச் சொல்கிறேன். பேர் இசக்கியம்மாள். கல்லூரி சேர்ந்த முதல் மாதமே ‘ஈஷா’ என்று எழுத ஆரம்பித்தாள். ஹாஸ்டலில் வேறு ஊர்ப் பிள்ளைகள் பேரைக் கேட்டுச் சிரித்தார்களாம். படம் பார்த்த வாரம் என்னிடம் வந்து, “மிஸ், நீலிதான் இசக்கின்னு சொல்லுதாங்களே, அப்ப அது எம்பேரா?” என்று கேட்டாள். ஆமா என்றேன். ஊருக்குப் போனபோது ஆச்சியிடம் ஏன் இந்தப் பேர் வைத்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். இவளுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை, மூன்றாவது தங்கினால் உன் பேரை வைக்கிறேன் என்று முப்பந்தலில் நேர்ந்துகொண்டது அப்போதுதான் அவளுக்குத் தெரியவந்தது. பதினெட்டு வருஷமாக வீட்டில் யாரும் சொல்லவில்லை. நோட்டில் இன்னும் ஈஷா என்றுதான் எழுதுகிறாள். அது அவள் இஷ்டம். ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டாள், அந்தக் கேள்வியை ஒரு படம் கேட்கவைத்தது.

பெங்களூருக்காரர்கள் ஏன் கோபப்பட்டார்கள்?

ஒரு பாத்திரம் பெங்களூருப் பெண்களை இழிவாகச் சொல்லும் வசனம் படத்தில் இருந்தது. கர்நாடகத்தில் எதிர்ப்பு வந்ததும் தயாரிப்பு நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, வசனத்தை எடுத்துவிடுவதாக அறிவித்தது. கெட்டவன் பேசுகிற வசனம்தானே என்று சிலர் வாதாடினார்கள். ஒரு பெண்ணுக்கு நடந்த அநியாயத்தில் பிறந்த கதை இது. இன்னொரு ஊர்ப் பெண்களை மொத்தமாகக் கேவலப்படுத்தும் வரி அதற்குள் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. எடுத்தது சரிதான்.

தமிழ் டப்பிங்கில் பேச்சு எப்படி?

தெளிவாக இருக்கிறது, ஆனால் எந்த ஊர்த் தமிழும் இல்லை. நீலி எந்த மண்ணிலிருந்து வந்தாளோ அந்த மண்ணின் பேச்சு ஒரு இடத்திலாவது வந்திருக்கலாம். பழைய காலத்துக் காட்சிகளில் குமரிப் பக்கத்துத் தமிழோ நம்ம தமிழோ பேசவைத்திருந்தால் அம்மா மாதிரி ஆட்கள் இன்னும் முன்னாலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

நெல்லைத் தமிழ் என்றாலே வார்த்தைக்கு வார்த்தை ‘ஏலே’ போட்டால் போதும் என்று சினிமாவில் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் பெரியவர்களிடம் யாரும் ‘ஏலே’ போட்டுப் பேச மாட்டோம். ‘வந்தாவ, போனாவ’ என்று மரியாதையும், ‘அங்ஙன, இங்ஙன’ என்று இடமும், ‘சொல்லுதேன், வாரேன்’ என்று வினையும் வருவதுதான் இந்தப் பேச்சு. கோபத்துக்கு மட்டும் இந்தத் தமிழைப் பயன்படுத்திப் பயன்படுத்தி, இதில் கொஞ்சவும் தாலாட்டவும் முடியும் என்பதே பார்க்கிறவர்களுக்கு மறந்துபோய்விட்டது.

திருநெல்வேலியில் ஒரு சூப்பர் ஹீரோ படம் எடுத்தால் அருவாளைத் தவிர்க்க முடியுமா?

அருவாள் நம்ம ஊரில் வாழைத்தார் வெட்டவும், பனையில் பாளை சீவவும், சுடலைமாடன் கையிலும் இருக்கிறது. காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது மட்டும்தான் திருநெல்வேலி என்று காட்டாதீர்கள். பீடி சுற்றும் பெண்களின் விரல் வேகம், பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் வீடுகள், வைரவிகுளம் பக்கத்து வயல்வெளி, கணியான் கூத்தில் மகுடம் என்ற பறையை அடிக்கிறவரின் கை, இவை எதையும் ஒரு வல்லமை கொண்ட நாயகனோ நாயகியோ வாழும் ஊராக நான் திரையில் பார்த்ததில்லை.

மலையாளத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த ‘மின்னல் முரளி’. பாசில் ஜோசப் இயக்கியது. ஒரே மின்னல் ஒரு தையல்காரனையும், ஊர் கிறுக்கன் என்று ஒதுக்கிவைத்த டீக்கடை வேலையாள் ஷிபுவையும் தாக்குகிறது. ஷிபுவாக நடித்தவர் நம்ம குரு சோமசுந்தரம். ஊர் ஒருவனைக் கொண்டாடுகிறது, இன்னொருவனைத் தூக்கி எறிகிறது. ஷிபுவை நினைத்து நான் அழுதிருக்கிறேன். வில்லுப்பாட்டில் அவனுக்கு ஒரு பீடம் கிடைத்திருக்கும்.

நமக்கு சூப்பர் ஹீரோ பழக்கம் எப்போதிலிருந்து?

எங்கள் அண்ணன்மார்களைக் கேட்டால் இரும்புக்கை மாயாவி என்பார்கள். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் புத்தகமாக வந்தது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும். அது இங்கிலாந்துச் சரக்கு, தமிழ் பேசியது. பிளக்கில் விரலை விட்டுப் பார்த்து அடி வாங்கிய கதை எங்கள் தெருவிலேயே உண்டு.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

ரத்தமும் வெட்டும் உண்டு. பத்து வயசுக்குக் கீழே வேண்டாம் என்பது என் எண்ணம். பெரிய பிள்ளைகளோடு பார்த்தால், வீட்டுக்கு வந்ததும் ஆச்சியையோ தாத்தாவையோ பக்கத்தில் உட்காரவைத்து இசக்கி கதையைச் சொல்லச் சொல்லுங்கள்.

நீலி கதையை நேரில் எங்கே கேட்கலாம்?

பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் கொடைகள் நடக்கும். ஊரைப் பொறுத்து மாசம் மாறும், பெரும்பாலும் செவ்வாய், வெள்ளியில் வைப்பார்கள். நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் யாராவது தெரிந்தவர் இருந்தால் இசக்கியம்மன் கொடை எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கொடையிலும் நீலி கதை பாடுவதில்லை. நன்கொடை எழுதும் அண்ணாச்சியிடம் முன்னாலேயே விசாரித்துவிடுவது நல்லது. இப்போது சில ஊர்களில் வில்லை நேரத்தோடு முடித்துவிட்டு ஆர்க்கெஸ்ட்ரா வைத்துவிடுகிறார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாமக்கொடைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள், குடத்தின் சத்தம் நேராகக் காதில் விழவேண்டும். பெண்கள் உட்காரும் பக்கம் ஒரு சாக்கை விரித்து இடம் பிடித்தால், யாராவது ஒரு ஆச்சி தள்ளி உட்கார்ந்து வெற்றிலை நீட்டுவாள், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பாள். கள்ளிக்கொம்பு பிள்ளையாகும் இடம் வரும்போது அண்ணாவியைப் பார்க்காமல் அந்த ஆச்சியின் முகத்தைப் பாருங்கள்.